டாக்டர் சொன்ன ஒருசந்தி

மார்ச் 8, 2025, சனி

ஆஸ்பத்திரியின் மாடி அறையில் இன்று நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஒன்றுக்கும் கைப்பிடி இல்லை. உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் எதுவும் இடிக்கவில்லை. கல்யாண வீட்டிலும் கோயில் ஹாலிலும் பிளாஸ்டிக் நாற்காலியைக் கண்டால் சுவரோரமாக நின்றுகொள்கிறவன் நான். என்னைப் போன்ற ஆட்களை நினைத்து யாரோ கடைக்குப் போய் இந்த நாற்காலிகளை வாங்கியிருக்கிறார்கள். கூட்டம் தொடங்கும் முன்பே எனக்குப் பாதி சந்தோஷம் வந்துவிட்டது.

எடை குறைக்கும் ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் செய்துகொள்ளப் போகிறவர்களும் சனிக்கிழமைகளில் இங்கே கூடிப் பேசுகிறார்கள். டாக்டரம்மா ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். நஞ்சன்கூட்டிலிருந்து மல்லப்பன் என்று ஒருவர் வந்திருந்தார். அங்கே ஃபேக்டரியில் வேலை. கூட வேலை செய்கிறவர்களிடம் தமிழ் பழகிக்கொண்டவர். போன வருடம் இரைப்பையைச் சிறிதாக்கிக்கொண்டாராம். அதனால் என்ன மாறியது என்று ஒரு அம்மா கேட்டார். சர்க்கரை குறைந்தது, முழங்கால் வலி போனது என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

“இப்ப பஸ்ல என் பக்கத்து சீட்ல ஆள் வந்து உக்கார்றாங்க அக்கா” என்றார்.

பக்கத்து சீட் காலியாகவே வருகிற பயணம் அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

முடியும்போது டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எனக்குத் தேதி ஏப்ரல் ஒன்பது. அதற்கு முன் வீட்டிலிருந்து ஒருவர் இந்தக் கூட்டத்துக்கு வந்து உட்கார வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு பல மாதங்கள் சாப்பாட்டுக்கும் நடைக்கும் கூட நிற்க ஆள் தேவையாம். அப்படி மனதார ஒருவர் வராவிட்டால் தேதியைத் தள்ளிவைத்துவிடுவேன் என்றார்.

வீட்டில் நானும் என் மனைவி செலினும்தான். மகள் ஜெனிஃபர் குவைத்தில் நர்ஸ். அவள்தான் இந்த ஆபரேஷனைப் பற்றி முதலில் சொன்னவள். தினமும் போனில் தைரியம் சொல்கிறாள். அங்கிருந்து அவளால் நாற்காலியில் வந்து உட்கார முடியுமா?

செலினிடம் இன்னும் கேட்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

போன வருடம் வரை எனக்குக் கையெழுத்து என்றால் கட்டைவிரல். கோயில் ஹாலில் ரூபா டீச்சர் ஞாயிறுதோறும் சொல்லிக்கொடுத்தார். இப்போது ஒரு பக்கம் எழுத ஒரு மத்தியானம் போகிறது. போகட்டும். பேனா காகிதத்தில் ஊர்கிற சத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்று எழுதும்போது ஜன்னல் திரை காற்றில் உப்பியது, அடங்கியது, மறுபடி உப்பியது. வீடு மூச்சு விடுவது போல இருந்தது. ‘திரை’ என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். காகிதத்திலும் இருந்தது, ஜன்னலிலும் இருந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 12, புதன்

கேட்டுவிட்டேன். செலின் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

அவள் பல வருடம் ஒரு நர்சிங் ஹோமில் ஆயாவாக இருந்தவள். அங்கே பார்த்ததை வீட்டில் சொன்னதே இல்லை. இன்று கொஞ்சம் சொன்னாள்.

“நான் ஆபரேஷனுக்கு ட்ராலி தள்ளினவ, ஜெனி அப்பா. உள்ள போறப்ப எல்லாரும் பேசிக்கிட்டேதான் போவாங்க.”

வெளியே வருகிறபோது எப்படி வருவார்கள் என்று சொல்லவில்லை. ஆண்டவர் கொடுத்த வயிற்றை வெட்டிச் சிறிதாக்க நாம் யார் என்று கேட்டாள். பிறகு, “போறதுன்னா போங்க. என்னை அங்க கொண்டுபோய் உக்கார வைக்காதீங்க” என்றாள்.

கோபமா? பயமா? குரலில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

மார்ச் 13, வியாழன்

செலின் பேசவில்லை. கீரை நன்றாக இருந்தது.

மார்ச் 19, புதன்

இன்று சூசையப்பர் திருநாள். என் பெயர் சூசைநாதன் அல்லவா, காலைப் பூசையில் தெரிந்தவர்கள் எல்லோரும் கை கொடுத்தார்கள். செலின் பாயசம் வைத்தாள். பேசாமல் வைத்தாள். இன்னும் கொஞ்ச நாளில் எனக்குப் பாயசம் கிடையாது என்பது அவளுக்கும் தெரியும்.

மத்தியானம் படுத்தவன் ஒரு கனவு கண்டேன். முன்பு நான் பேண்டு செட்டில் பெரிய டிரம் அடித்த காலத்தில் இருந்தது போலக் கழுத்தில் டிரம் தொங்குகிறது. அதில் எடையே இல்லை. உள்ளே யாரோ காற்றை ஊதி அடைத்திருக்கிறார்கள். அது மெல்ல என்னைத் தூக்குகிறது. தெரு, மின்கம்பி, எங்கள் பிலோமினாள் கோயிலின் இரண்டு கோபுரங்கள், எல்லாம் என் காலுக்குக் கீழே. குனிந்தால் என் கால்விரல்கள் தெரிகின்றன. பத்தும் தெரிகின்றன! கீழே வாசலில் செலின் ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நூலின் இந்த முனை என் இடுப்பில். அவள் இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்கிறாள்.

விழித்தபோது தலையணை நனைந்திருந்தது. வியர்வைதான் என்று நினைக்கிறேன்.

மார்ச் 26, புதன்

இன்றிலிருந்து தண்ணீர் ஆகாரம் மட்டும். மோர், வடிகட்டிய ரசம், ஏதோ ஒரு பவுடர் கலந்த பால். ஈரல் சுருங்கினால்தான் டாக்டரம்மாவுக்கு உள்ளே வேலை செய்ய இடம் கிடைக்குமாம். என் வயிற்றுக்குள் இட நெருக்கடி என்று கேட்டதும் சிரிப்பு வந்தது.

மோரை நானே கலக்கினேன். உப்பு அதிகம்.

மார்ச் 28, வெள்ளி

ஒரு வேடிக்கை நடந்துவிட்டது. இதை வேடிக்கை என்று எழுதலாமா என்றும் தெரியவில்லை.

எங்கள் தெருவில் சில கிறிஸ்தவக் குடும்பங்கள் வெள்ளிக்கிழமைகளில் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்போம். அன்பியம் என்று பெயர். ஈஸ்டருக்கு முன் ஒருசந்தி என்று ஒருவேளை மட்டும் சாப்பிட்டு நோன்பு இருக்கிற தவக்காலம் என்பதால் இன்று சிலுவைப்பாதை ஜெபத்தை முடித்துக்கொண்டு லெஸ்லி வீட்டில் கூடினோம். ஜெபம் முடிந்ததும் லெஸ்லியின் மகள் ஸ்வீட்டி டீயும் பன்னும் கொண்டுவந்தாள். வேண்டாம் என்றேன். சுண்டல் வந்தது. அதையும் வேண்டாம் என்றேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் சுண்டல் வேண்டாம் என்று சொல்லி அவர்கள் பார்த்ததில்லை.

“சாப்பாடே இல்லையா சூசண்ணா?” என்று லெஸ்லி கேட்டார். தண்ணீர் ஆகாரம் மட்டும்தான் என்றேன். அது உண்மைதான். அவர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஈஸ்டர் வரைக்குமா? கேட்டுக்கோங்கப்பா, இவர்தான் ஒருசந்தி இருக்கார். நாம எல்லாம் மத்தியானம் ஃபுல் மீல்ஸ் அடிச்சிட்டு ராத்திரி ஒருசந்திங்கறோம்.”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஸ்வீட்டி வந்து, வெளிநாட்டு வேலைக்குப் பரீட்சை எழுதியிருக்கிறேன், எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள் மாமா என்றாள். இத்தனை உடம்பை வைத்துக்கொண்டு இப்படி ஒரு மரியாதையை நான் பார்த்ததே இல்லை. வாயை மூடிக்கொண்டேன்.

செலின் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வீட்டுக்கு வரும்போது எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். அவள் முதுகு குலுங்கியது. அழுகையா, சிரிப்பா?

மார்ச் 30, ஞாயிறு

மல்லப்பனுக்குப் போன் செய்தேன். பசி தாங்கவில்லை என்றேன். “ஹெதர்பேடி அண்ணா” என்றார். பயப்படாதீர்கள் என்று கன்னடத்தில். “பசி கொஞ்ச நாள் கத்தும். நாம திரும்பிப் பாக்கலைன்னா அதுவே ஓரமா போய் உக்காந்துக்கும்.”

இன்று பூசை முடிந்ததும் பலர் வந்து வேண்டுதல் சொன்னார்கள். முதுகு வலி, மருமகள், வீட்டுச் சுவரில் விரிசல். எல்லாவற்றுக்கும் வீட்டுக்கு வந்து நிஜமாகவே வேண்டிக்கொண்டேன். வேறு என்ன செய்வது? வருகிற வெள்ளி அன்பியத்தில் நான் எழுந்து இந்த நோன்பைப் பற்றிச் சாட்சி சொல்ல வேண்டும் என்கிறார் லெஸ்லி.

எனக்குத் தைரியம் சொல்ல பக்கத்தில் ஒரு ஆள் கிடைக்காதா என்று ஏங்கினேன். இப்போது தெருவே சொல்கிறது. நான் செய்யாத ஒரு காரியத்துக்காக.

ஏப்ரல் 1, செவ்வாய்

காலையில் குக்கரஹள்ளி ஏரிக் கரையில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் மேல் பனி. அப்போதுதான் திறந்த இட்லிப் பானையின் ஆவி போல இருந்தது. ஒரு வெள்ளைக் கொக்கு அந்த ஆவிக்குள் போனது, வெளியே வரவில்லை. நானும் எழுந்து போயிருப்பேன். உடம்பு பஞ்சு போல இருந்தது. பசி இருந்தது, ஆனால் அது வேறு யாருடைய பசியோ போல எங்கோ தூரத்தில் இருந்தது.

அது ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டதா?

ஏப்ரல் 4, வெள்ளி

இதை எழுதி முடிக்க எவ்வளவு நேரமானாலும் சரி, முழுதாக எழுத வேண்டும்.

லெஸ்லி வீட்டில் எழுந்து நின்றேன். நான் இருப்பது ஒருசந்தி இல்லை, டாக்டர் சொன்ன பத்தியம் என்றேன். புதன்கிழமை என் வயிற்றை ஆபரேஷன் செய்து சிறிதாக்கப் போகிறார்கள் என்றேன். எனக்குப் பயமாக இருக்கிறது, செலினுக்கு இதில் இஷ்டமில்லை, நீங்கள் கொடுத்த மரியாதை இனித்ததால் போன வாரமே சொல்லாமல் விட்டேன் – எல்லாவற்றையும் சொன்னேன்.

லெஸ்லி மெல்லக் கேட்டார்: “அப்ப ஸ்வீட்டிக்காக வேண்டிக்கிட்டது?”

“வேண்டிக்கிட்டேன். அது நெசம்.”

ஒருவர் சிரித்தார், எல்லோரும் சிரித்தார்கள். அதோடு முடிந்திருக்கும். லெஸ்லியின் தம்பி ஆஷ்லி, எதையும் கிண்டலாகவே பேசுகிறவன், விடவில்லை. “இந்த வயசுல ஒல்லியாயி எங்க மாப்பிள்ளையா போகப் போறீங்க அண்ணா? வாயைக் கட்டினா போதாதா, கத்தி எதுக்கு?”

நானும் சிரித்தேன். குண்டாக இருக்கிறவன் எல்லோருக்கும் முந்திச் சிரித்துவிட வேண்டும். அது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

பெண்கள் பக்கத்துப் பாயிலிருந்து செலின் எழுந்தாள்.

“வாயைக் கட்டலைன்னு உனக்கு யார் சொன்னது ஆஷ்லி? எத்தனை தடவை கட்டினாருன்னு சமைச்சுப் போட்ட எனக்குத் தெரியும். எளைப்பாரு. போன எடையெல்லாம் கூட்டாளியைச் சேத்துக்கிட்டுத் திரும்பி வரும்.”

ஆஷ்லி ஏதோ சொல்ல வந்தான். அவள் விடவில்லை.

“தூக்கத்துல இவருக்கு மூச்சு நிக்குது. நின்னு, கொஞ்சம் பொறுத்துத்தான் வருது. நான் நெஞ்சு மேல கைய வெச்சுக்கிட்டு, வா வான்னு கூப்பிட்டுக்கிட்டுப் படுத்திருக்கேன். நீ வந்து கை வெப்பியா?”

சொன்னதை அவளே அப்போதுதான் கேட்டவள் போல அப்படியே நின்றாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

எனக்கு அது தெரியாது. நான் தூங்கிக்கொண்டல்லவா இருந்திருக்கிறேன். என் மூச்சை அவள் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு உள்ளே விட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் – நான் என்னடா என்றால் இவளுக்கு என் மேல் அக்கறை இல்லையோ என்று –

ஆஷ்லி எழுந்து வந்து, மன்னிச்சுக்கோங்க அண்ணி என்றான். புதன்கிழமை நான் ஒருசந்தி இருக்கிறேன் என்றார் லெஸ்லி. நானும் என்றான் ஆஷ்லி. காலை டிபன் மட்டும் உண்டா என்று அண்ணனிடம் கேட்டுக்கொண்டான்.

வரும்போது செலின் என் நடைக்கு நடந்தாள். எங்கள் வாசல் வந்ததும், “நாளைக்கு அந்தக் கூட்டம் எத்தனை மணிக்கு?” என்றாள்.

ஏப்ரல் 5, சனி

செலின் வந்தாள். கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். மல்லப்பன் எழுந்து தன் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். மற்றவர்கள் பேசியது எல்லாவற்றையும் கேட்டாள். ஒருவர் ஆபரேஷனுக்குப் பிறகு வாந்தியால் பட்ட பாட்டைச் சொன்னார். அப்போது மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கடைசியில் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார் டாக்டரம்மா.

“ட்ராலி கூட நான் எது வரைக்கும் வரலாம்?”

தியேட்டர் கதவு வரை வரலாம் என்றார் டாக்டரம்மா. செலின், “சரி, கதவு வரைக்கும்” என்றாள்.

தேதி நிலைத்தது.

ஏப்ரல் 7, திங்கள்

ரசத்தை செலினே துணியில் வடிகட்டிக் கொடுத்தாள். இரண்டு தடவை வடிகட்டினாள். பார்த்தால் வெறும் மஞ்சள் தண்ணீர். பூண்டும் மிளகும் எங்கோ கனவில் மணப்பது போல மணத்தன.

ஏப்ரல் 9, புதன், காலை

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். பச்சை அங்கி கொடுத்திருக்கிறார்கள், அதுவும் எனக்குப் போதுமான அளவில். உடம்பில் நகை எதுவும் இருக்கக் கூடாதாம். என் கல்யாண மோதிரம் விரலில் புதைந்து பல வருடம் ஆகிவிட்டது. வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்று நர்ஸ் சொன்னாள். செலின் சோப்பு போட்டு மெல்லத் திருகினாள். வந்துவிட்டது! விரலில் வெள்ளையாக ஒரு வளையம். அந்த இடம் இத்தனை காலம் வெயிலே பார்க்கவில்லை. செலின் மோதிரத்தைத் தன் கட்டைவிரலில் போட்டுக்கொண்டாள்.

பயம் இருக்கிறது. ஆனால் அது பெரிதாகத் தெரியவில்லை. ஜன்னலில் சாமுண்டி மலை நீலமாக, தூக்கக் கலக்கத்தில் இருப்பது போல இருக்கிறது. எழுதினது போதும் என்கிறாள் செலின்.

ஏப்ரல் 11, வெள்ளி

எழுந்து வராந்தாவில் நடந்தேன். வயிற்றில் சின்னச் சின்னப் பிளாஸ்திரிகள். எழுத்து கோணலாக வருகிறது, பரவாயில்லை.

மருந்து மூடி அளவு தண்ணீர்தான் ஒரு தடவைக்கு. அதையும் கொஞ்சம் கொஞ்சமாக நாக்கில் விட வேண்டும். தண்ணீருக்கு இப்படி ஒரு ருசி இருக்கிறது என்று யாருமே எனக்குச் சொன்னதில்லையே. செலின் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறாள். கொஞ்சம் முன்னால் அவளைக் காணவில்லை.

அடுத்த அறையில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்காரர்கள். மகனுக்கு நாளைக்கு இதே ஆபரேஷன். அந்த அம்மா காலையிலிருந்து அழுகிறார், மகனிடம் வீட்டுக்குப் போய்விடலாம் என்று கெஞ்சுகிறார். இப்போது அந்த அறையிலிருந்து செலினின் குரல் கேட்கிறது. கன்னடத்தில் பேசுகிறாள். ஏனூ ஆகல்ல என்கிறாள், ஒன்றும் ஆகாது என்று. பிறகு, நானும் வேண்டாமென்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்கிறாள். அந்த அம்மா ஏதோ கேட்கிறார், செலின் பதில் சொல்கிறாள். அழுகை நின்றிருக்கிறது.

எனக்குத் தண்ணீர் கொடுக்கும் நேரம் தாண்டிவிட்டது. கூப்பிடவில்லை. அவள் பேசி முடிக்கட்டும்.