வயோமிங்வாசி

பிப்ரவரி 3
பள்ளிக்கூடச் சமையலறையில் இன்று பெரிய அண்டாவில் சில்லி என்கிற பீன்ஸ்-இறைச்சிக் குழம்பு கிண்டி, தோள் விட்டுப்போயிற்று. சாயங்காலம் என் கணவன் கர்ட் போன் செய்தான். இரண்டு வருஷமாக வயோமிங் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. நான் இங்கே நெப்ராஸ்காவில், எங்கள் வீட்டில்.

"இந்த வருஷம் நெப்ராஸ்கா வரி எனக்கு வேணாம், மார்லா. இங்க மாநில வருமான வரியே கிடையாது. நான் இங்கதானே இருக்கேன்?"

வேலைக்குப் போனவன்தானே, குடிபோனவனா? கேட்கவில்லை.

பிப்ரவரி 12
வரிக்கணக்கு போட்டுத் தரும் லோரீனைப் பார்த்தேன். மத்திய அரசுக்கு இருவரும் சேர்ந்து கணக்குக் காட்டினால் லாபமாம். மாநிலக் கணக்கில்தான் சிக்கல்.

"திரும்பி வர்ற எண்ணம் இருந்தா அவரு நெப்ராஸ்காக்காரர்தாம்மா, வரி கட்டணும். இல்லைன்னா வயோமிங். எது வீடுன்னு அவரையே கேளு."

நான் கேட்கப் பயந்த கேள்வி. வரி ஆபீஸ் கேட்கிறது.

பிப்ரவரி 13
கேட்கவில்லை.

மார்ச் 2
லோரீன் போனை ஸ்பீக்கரில் போட்டு, அத்தாட்சி என்ன இருக்கிறது என்று கர்ட்டிடம் கேட்டாள். ஓட்டுநர் உரிமம் அங்கே. வாக்காளர் பதிவும் அங்கே.

"எல்க் மான் வேட்டைக்கே உள்ளூர்க்காரன் விலையிலதான் லைசென்ஸ் வாங்கினேன்!" பெருமை வேறு.

"அதுக்கு, இதுதான் என் நிரந்தர ஊருன்னு கையெழுத்துப் போடணுமே. எப்பப் போட்டீங்க?"

"போன கோடைல."

போன கோடையில் என்னிடம் சொன்னது - கிறிஸ்துமஸுக்கு மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று. அடப்பாவி, அந்த மானுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலையே!

மார்ச் 3
போனில் கத்தினேன். அவன் கத்தவில்லை. அதுதான் எரிச்சல்.

"மூணு தடவ உன்னை இங்க கூப்பிட்டேன். அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னே."

உண்மைதான். அம்மா விட்டுப்போன இந்த வீடு, என் வேலை - ஏதோ ஒரு சாக்கு. ஆனால் திரும்பி வரமாட்டேன் என்று அவனாவது சொன்னானா? கேட்டேவிட்டேன்.

"சொன்னா நீ அழுவே."

இப்ப மட்டும் என்ன பண்றேனாம்?

ஏப்ரல் 9
மத்திய கணக்கையும் தனித்தனியாகவே போடச் சொன்னேன்.

"சேந்து போட்டா ரெண்டு பேருக்கும் மிச்சம்மா. கோவத்துல நஷ்டப்பட்டுக்காதே," என்றாள் லோரீன்.

கோபமில்லை என்றேன். சேர்ந்து கையெழுத்துப் போட்டால், அவன் சொன்னதெல்லாம் உண்மை என்று நானும் சத்தியம் செய்வதாகும். அது இனி என்னால் முடியாது.