ஒரு முழத்திலிருந்து நாலு விரலுக்கு

அம்மாவுக்கு அடுத்தபடியாக என்னை அடித்து வளர்த்த பிலோமினா அக்கா,

உன் கல்லறைக்குப் பூ வைக்க வரும்போதெல்லாம் உன்னோடு பேசத்தான் செய்கிறேன். ஆனால் இன்றைக்குச் சொல்ல வேண்டியதை உன் மகள் ரோஸியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. அவளைப் பற்றியதுதான்.

தி. நகர் ரெக்கார்டிங் அறை அப்படியே இருக்கிறது. சுவரெல்லாம் அதே கம்பளி, அதே பழைய மைக். டேப் ஓடும்போது மின்விசிறியை நிறுத்தினால் அதே புழுக்கம். ரேடியோவில் விளம்பரம் வர ஆரம்பித்த புதிதில் ஜவுளிக்கடைக்கு நீ பாடினாயே, நினைவிருக்கிறதா? உன் குரலுக்கு மைக்கை ஒரு முழம் தள்ளி வைப்பேன். கிட்டே வந்தால் மீட்டரில் ஊசி சிவப்புக்கு ஓடிவிடும். "கோயில்ல பாடுற மாதிரி கத்தாதக்கா" என்று நான் திட்டினால், "ஒன் மைக்குக்குத்தான்டா தெம்பு இல்ல" என்று சிரிப்பாய்.

பிறகு ஒருநாள் நீயாகவே, "கொஞ்சம் கிட்டத் தள்ளுடா சேவி" என்றாய். முழம் சாண் ஆனது. அடுத்த பாட்டுக்கு நாலு விரல். மைக்கை வாயருகே கொண்டுபோனால் மெலிந்த குரலும் கனத்துக் கேட்கும், எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கடை முதலாளிக்கு அது எங்கே தெரியும்? "யம்மா, ஒங்க கொரலு இப்பத்தான் நல்லா கனிஞ்சிருக்கு" என்று ஒரு புடவை கொடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு நீ மூச்சு வாங்கப் படியில் உட்கார்ந்துவிட்டாய். டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். "தீபாவளி விளம்பரம் முடியட்டும்டா" என்றாய்.

காசம் முற்றிவிட்டது, முன்னமே வந்திருந்தால் மருந்திலேயே தீர்ந்திருக்கும் என்றார் டாக்டர். கிறிஸ்துமஸுக்கு முன்னால் அந்தப் புடவையைத்தான் உனக்குக் கட்டி அனுப்பினோம். அதற்குப் பிறகும் டீக்கடை ரேடியோவில் நீ பாடிக்கொண்டிருந்தாய். நான் காதைப் பொத்திக்கொண்டு நடந்தேன்.

இப்போது ரோஸி பாடுகிறாள். நீ நிற்பதற்காகத் தரையில் சாக்பீஸால் கோடு போடுவேனே, அதே கோட்டில் நின்று. போன மாதம் வரைக்கும் ஒரு முழம். இந்த வாரம் பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டு, "மாமா, மைக்கக் கொஞ்சம் கிட்டத் தள்ளுங்களேன்" என்றாள்.

டேப்பை நிறுத்தினேன். "ராத்திரியில இருமுறியாம்மா?" என்று கேட்டேன். "தூசி மாமா, வேறொண்ணுமில்ல" என்றாள். வரி முடியும் முன்பே மூச்சு எடுக்கிறாள் அக்கா. அந்த மூச்சின் அடியில் மெல்லிய சீழ்க்கை ஒன்று கேட்கிறது. அவள் போனதும் உன்னுடைய கடைசி டேப்பைப் போட்டுப் பார்த்தேன். அதே சீழ்க்கை.

அத்தானிடம் சொன்னேன். அடையாற்றிலிருந்து ரோஸியைப் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள். "காச ஆஸ்பத்திரி வாசல்ல நம்ம பொண்ண எவனாவது பாத்துட்டா, சம்பந்தம் அவ்வளவுதான். நிச்சயதார்த்தம் முடியட்டும் சேவியர், அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார். முடியட்டும், முடியட்டும்! இந்த வீட்டுக்கு வேறு வார்த்தையே தெரியாதா? எது முடிய வேண்டும் என்று காத்திருக்கிறார்கள்?

கோபத்தில் அவரோடு சண்டை போட்டுவிட்டு வந்தேன். பயம்தான் அக்கா, கோபமெல்லாம் சும்மா.

நாளைக்கு ரோஸிக்கு மறுபடி ரெக்கார்டிங். மகள் பாடுவதைக் கேட்க வாருங்கள் என்று அத்தானையும் அழைத்திருக்கிறேன். மைக்கை ஒரு முழத்தில் வைத்துவிட்டுத்தான் வந்து எழுதுகிறேன். அவள் கெஞ்சுவாள். பாட்டு கெட்டால் கெடட்டும், குரலின் மெலிவு மறையாமல் கேட்கட்டும். ஹெட்போனை அத்தான் காதில் மாட்டி முதலில் அவளுடைய டேப்பைப் போடுவேன், அடுத்து உன்னுடையதை. அந்த மூச்சு அவருக்கு அடையாளம் தெரியாமலா போகும்? அத்தனை ராத்திரியும் பக்கத்தில் படுத்துக் கேட்டவர் ஆயிற்றே.

அதற்குப் பிறகும் அவர் எழுந்திருக்காவிட்டால், அந்த அறையிலிருந்தே ரோஸியைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். ஊர் பார்த்தால் பார்க்கட்டும். உனக்குத் தள்ளிய மைக்கை உன் மகளுக்குத் தள்ள மாட்டேன்.

உன் தம்பி,
ரோஸியின் தாய்மாமன்,
சேவியர்