காட்டாமணக்கு எண்ணெயும் சாத்தியின் விடுதலையும்

மழை தன் முறை மறவாது பெய்க. எல்லை காப்போர் இமை நோகாது வாழ்க.

மருங்கைத் துறையும் அதனைச் சூழ்ந்த பதினெட்டு ஊர்களும் ஆளும் கோப்பெருந்தேவி செழுங்கோதை, வறள்புலக் கோட்டைத் தலைவரும் நம் தந்தையார் காலந்தொட்டு இக்குடிக்கு வாள் துணையுமாகிய எயினங்குமரனார்க்கு விடுக்கும் ஓலை. உம் கோட்டையும், குதிரைகளும், கிணற்றில் எஞ்சிய நீரும் நலமாகுக.

உம் சிறையில் சாத்தி என்னும் பெண் இருக்கிறாள். அரண்மனைக்குள் நஞ்சு கொணர்ந்தாள் என்று, வரும் முழுநிலா நாளில் அவள் உயிர் நீக்க நாமே ஆணையிட்டோம். அவ்வாணை பிழை.

மூன்றாண்டு மழையின்மையால் அவளுடைய ஊரைப் பயனற்ற நிலம் என்று எழுதி, குடிகளை ஆற்றங்கரைக்குப் பெயர்க்க எண்ணியிருந்தோம். அது கேட்டு அவள் நடந்தே வந்தாள். காட்டாமணக்கு விதையை ஆட்டி எடுத்த எண்ணெய் ஒரு குடமும், அவ்வெண்ணெயில் உமரிச் செடியின் சாம்பல்நீர் சேர்த்துக் காய்ச்சிய, துணி வெளுக்கும் கட்டி ஒரு கூடையும், கள்ளிப்பாலை இறுக்கிய பிசின் சில உருண்டையும் கொணர்ந்தாள். துறை விளக்குக்கு இவ்வெண்ணெயை ஏற்றால் ஊர் இருந்த இடத்திலேயே பிழைக்கும் என்பது அவள் விண்ணப்பம்.

அரண்மனை வாயிலைக் கடந்து வரும் எண்ணெய் எதுவாயினும், விளக்குக்கே உரியதாயினும், சுவைகாண் ஏவலர் நாவில் பட்டே உள்ளே வரும் என்பது நம் முன்னோர் வழக்கம். “வெளக்குக்குத்தான் சாமி, வாய்க்கு இல்ல; ஆடே மோந்துட்டு ஓடும்” என்று அவள் கைகூப்பிச் சொன்னதாக வாயிற்காவலர் சான்று கூறுகின்றனர். ஏவலர் பூதனார், தமக்கும் ஆட்டுக்கும் வேறுபாடு உண்டு என விடையளித்து, ஒரு கரண்டி நிறைய அருந்தினார். இரண்டு நாள் வயிறு கழிந்து கிடந்தார். மூன்றாம் நாள் எழுந்து மோர் கேட்டார். அதற்குள் சாத்தி உம் கோட்டைக்கு அனுப்பப்பட்டிருந்தாள்.

அவள் உயிர் நீக்கும் ஆணைக்கு முத்திரையிடுமுன், வாயிலில் அவள் சொன்ன சொல் நம் செவிக்கு வந்திருந்தது. இதை மறைப்பதில் பயனில்லை. கேட்டும் ஏன் முத்திரையிட்டோம் என்று நம்மையே பல நாள் வினவினோம். சினம் இல்லை, அச்சமும் இல்லை. அவள் சொன்னது மெய்யாயின், பயனற்றது என்று நாம் எழுதியது பொய்யாகிவிடும். அவள் குற்றவாளியாக இருப்பது நமக்கு எளிதாக இருந்தது. அவ்வளவே.

இதற்கிடையே, வாயிலில் கிடந்த குடத்தைத் துறை விளக்குக் காவலர் ஏதும் அறியாது எடுத்து ஊற்றிவிட்டார். விளக்கு மங்காது எரிந்தது. ஏழு கலங்கள் கரை சேர்ந்தன.

ஆகவே ஆணையிடுகிறோம். இவ்வோலை கண்ட அப்போதே சாத்தியின் தளை நீக்குக. குதிரையும் வழித்துணையும் தந்து அவளை ஊர் சேர்க்க. அவ்வூர் பெயர்க்கப்படாது, இனித் துறை விளக்கு எரிவது அவர்தம் எண்ணெயில்.

வரும் முத்திரை மெய்யரக்கில் பதிந்ததா என்று பல்லால் கடித்துப் பார்ப்பது உம் கோட்டை வழக்கம் என அறிவோம். இம்முத்திரை பதிந்திருப்பது அவள் கொணர்ந்த கள்ளிப் பிசினில். கடிக்க வேண்டாம். அவளிடமே காட்டுக. மெய்யா அன்றா என்று அவள் சொல்வாள்; இம்முறை அவள் சொல்லை ஏற்றுக்கொள்க.

இது செழுங்கோதை சொல். முத்திரை கீழே.