பிழை விட்டவருக்கு முதல் றோல்ஸ்

கொப்பியைத் திறந்ததும் மீன் றோல்ஸ் மணந்தது. நேற்றுப் பின்னேரம் உம் மனைவி கொண்டுவந்து தந்தார். "இது உங்கடை வட்டத்தின்ரை கொப்பி அண்ணை. இனி நீங்கள்தானாம் தலைவர். வைச்சிருங்கோ." நான் உறையாகப் போட்ட முருகன் கலண்டர்த் தாள் அப்படியே இருக்கிறது. குருநகரில் மாதா கோயில் பாடகர் குழுவில் நின்ற நீர், எண்ணெய்க் கையோடு எத்தனை மாதம் இதைப் புரட்டியிருப்பீர்! தாள் முழுக்க எண்ணெய்ப் பொட்டு. முருகன் முகத்தில் மட்டும் ஒன்றுமில்லை.

ஓம், நான்தான் தலைவர். சிரிக்காதேயும்.

இந்தக் கணிப்பு வட்டத்தை நாம் தொடங்கியபோது ஒன்பது பேர். சந்தை ஏறுமா இறங்குமா என்று சம்பளத்துக்குச் சொல்கிற ஒன்பது பேர். சிலர் வங்கியில், நீரும் நானும் பங்குத் தரகர் கந்தோர்களில். தொழிலைப் பற்றி நாலு வார்த்தை கதைக்க ஆள் வேண்டுமென்றால் கொழும்புக்கு பஸ் ஏறவேண்டும். "உதுக்கு ஏன் ஐசே கொழும்பு? ஒன்பது பேர் இருக்க இடம் காணும்" என்றீர். மாதத்தின் முதல் சனி, நாலு மணி, ஒரு ரியூட்டறியின் வகுப்பறை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வாங்குக்கும் மேசைக்கும் நடுவில் எங்கள் வயிறுகளை நுழைப்பதே முதல் நிகழ்ச்சி.

ஒழுங்கு உம்முடையது. ஒவ்வொருவரும் மற்றவருக்குக் காட்டாமல், கொப்பியில் தனித்தனிப் பக்கத்தில் வரும் மாதக் கணிப்பை எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். கொப்பி உம் அலுமாரியில் பூட்டிக் கிடக்கும். அடுத்த கூட்டத்தில், பிழை விட்டவர் எழும்பித் தன் பிழையைத் தானே வாசிக்கவேண்டும். அவருக்குத்தான் முதல் றோல்ஸ், சுடச்சுட. சரியாகச் சொன்னவர்கள் ஆறியதைச் சாப்பிடலாம். "சரியாச் சொன்னவனுக்கு வெளியிலை ஆயிரம் பேர் தேத்தண்ணி வாங்கிக் குடுப்பினம். பிழை விட்டவனுக்கு ஆர் இருக்கினம்?" என்று கேட்டீர். உமக்கு அநேகமாக எல்லா மாதமும் சூடான றோல்ஸ்தான்.

ஊரே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற அந்த வருடம் ஞாபகம் இருக்கிறதா? அதன் தொடக்கத்தில், ரூபாய் அசையாது என்று எழுதினேன். கீழே இரண்டு கோடும் போட்டேன். மாதம் முடியுமுன் ரூபாய் தடாலென்று விழுந்தது. நானோ அப்போது பத்திரிகையில் சந்தைப் பத்தி எழுதுகிற பெரிய மனிதன். முடிவெட்டுகிறவர்கூட என் தலையைக் கொஞ்சம் மரியாதையாகத்தான் திருப்புவார். இந்த முகத்தோடு எழும்பி வாசிப்பதா? கூட்டத்துக்கு இரண்டு நாள் முன், "கொப்பி கிழியப்போகுது, உறை போட்டுத் தாறன்" என்று உம்மிடம் வாங்கிப்போனேன். வெளியே முருகனை ஒட்டினேன். உள்ளே என் பக்கத்தைக் கிழித்தேன்.

கூட்டத்தில் என் முறை வந்தது. தாளைப் புரட்டிக்கொண்டு வந்த உம் விரல் கிழிந்த ஓரத்தில் நின்றது. எனக்கு வேர்த்துக் கொட்டியது. நீர் கொப்பியை மூடிவிட்டு எழும்பினீர்.

"இவர் போன மாசம் எழுதேல்லை. எழுதின விசரன் நான்தான். ரூபாய் அசையாதெண்டு எழுதிப்போட்டன்."

அறை சிரித்தது. நீரும் என்னைப்போலவே பிழைவிட்டிருக்கிறீர், நான் தப்பிவிட்டேன் என்ற சந்தோசப் புளுகத்தில் எல்லாரையும்விட நான்தான் கூடச் சிரித்தேன். "வேலையை விட்டிட்டுக் கொப்பரோடை போய் வலை இழும் ஐசே, அதிலையாவது ஏதும் படும்" என்று மீன்பிடிக்காரரான உம் தகப்பனையும் இழுத்து நக்கல் அடித்தேன். நீர் அதற்கும் சிரித்தீர். முதல் றோல்ஸை எடுத்துப் பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினீர்.

"பிடியும். சூடு ஆறப்போகுது."

வாங்கித் தின்றேன்.

நீர் போய்ச் சேர்ந்து மூன்று மாதம். போன கூட்டம் வட்டத்தை மூடுவதா என்று முடிவெடுக்கத்தான் கூடியது. தலைமை எடுக்க ஆளில்லை. ஒருவருக்குச் சீனி வருத்தம், ஒருவருக்கு மகளின் கலியாணம், ஒருவர் மாமியாரையே காரணம் காட்டினார். அந்த மாமியார் கனடாவில் இருக்கிறார் என்பது ஊருக்கே தெரியும். கடைசியில் எங்களில் இளையவள், சண்டிலிப்பாயிலிருந்து வருகிற பிள்ளை, எழும்பினாள். "அப்ப மூடுவம். கொப்பியை அண்ணியிட்டை வாங்கி, ஒவ்வொரு பக்கமாப் படமெடுத்து வாட்சப்பிலை போடுறன். அண்ணையின்ரை ஞாபகமா இருக்கட்டும்."

ஒவ்வொரு பக்கமாக! என் கை தானாக மேலே போனது. "நான் எடுக்கிறன். கொப்பியும் என்னட்டையே இருக்கட்டும்." எல்லாரும் கை தட்டினார்கள். பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்களிலை நான் இவ்வளவு எதிர்பார்க்கேல்லை அண்ணை" என்றாள். சரியாகத்தான் எதிர்பார்த்திருந்தாள், பாவம்.

நீர் இருந்த காலத்தில் எத்தனை தரம் கேட்டிருப்பீர், "அடுத்த வருசம் நீர் எடுமன்" என்று. எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், "கணிப்புப் பிழை, எழுத்து விளங்காது. ஆனா நேரத்துக்கு வாறீர்" என்பீர்.

நேற்று அந்தக் கிழிந்த ஓரத்தைத் தேடிப் பிடித்தேன். அதற்கு அடுத்த பக்கம் உம்முடையது. அதே மாதம், உம் சரிந்த எழுத்து, கீழே கையெழுத்து: "ரூபாய் விழும். கடுமையாக விழும்."

வட்டத்தில் ஒருவரும் சொல்லாததை நீர் சரியாகச் சொல்லியிருக்கிறீர். அதை மூடிவைத்துவிட்டு, கொப்பி உம் அலுமாரியில் கிடந்தபோது பார்த்திருந்த என் பிழையை உம் வாயால் வாசித்திருக்கிறீர். நான் உம்மை வலை இழுக்கப் போகச் சொன்னேன்.

என் புத்தி உமக்குத் தெரியும். இந்தப் பக்கத்தையும் கிழித்தால் காரியம் முடிந்தது என்று ஒரு கணம் நினைத்தேன். கை போகவில்லை. முருகன் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொன்னால் நீர் நம்பமாட்டீர். தடுத்தது றோல்ஸ் வாசந்தான்.

இன்று சனி. நாலு மணிக்கு, தலைவராக முதல் கூட்டம். இதைக் கேட்டபின் அவர்கள் என்னை வைத்திருப்பார்களோ தெரியாது. பிள்ளையின் முகத்தைத்தான் எப்படிப் பார்ப்பதென்று விளங்கவில்லை. ஆனாலும் முதலில் உம் பக்கத்தை வாசிப்பேன். பிறகு கிழிந்த ஓரத்தைக் காட்டி, அங்கே என்ன இருந்தது, எங்கே போனது, அன்று நீர் என்ன செய்தீர் என்று சொல்வேன். கீழே போட்ட அந்த இரண்டு கோட்டையும் சொல்லாமல் விடமாட்டேன்.

முதல் றோல்ஸ் எனக்குத்தான். ஒழுங்கின்படி உமக்கு ஆறினது, மன்னியும். இந்த மாதம் பிழை விட்டுவிட்டு, வாசிக்க வெட்கப்பட்டு வாங்கின் ஓரத்தில் யாராவது வேர்த்துக்கொண்டு இருப்பார். என் றோல்ஸில் பாதியைப் பிய்த்து அவரிடம் நீட்டுவேன். பிடியும், சூடு ஆறப்போகுது.