சம்பல் எரிகிறது

அன்பு அம்மாவுக்கு,

புகையிலையை விடவைப்பது எப்படி என்று நர்சுகளான எங்களுக்கு நுவரெலியாவில் நடந்த பயிற்சி நேற்று முடிந்தது.

“பொம்பளைங்ககிட்ட என்ன கேப்பீங்க?” என்றார் டாக்டர்.

“சிகரெட் குடிப்பீங்களான்னு கேப்பேன். சிரிச்சிட்டே இல்லைன்னுவாங்க. நானும் இல்லைன்னு எழுதிருவேன்” என்றேன்.

அவர் ஒரு படம் காட்டினார். வெற்றிலையோடு பொயிலை அடக்கும் ஒருத்தியின் கன்னம். உள்ளே வெள்ளையாகத் திட்டு. உறைப்புப் பட்டால் எரியும், கவனிக்காவிட்டால் புற்றுநோயாகலாம் என்றார்.

தேங்காய்ச் சம்பல் வாயில் எரிகிறது என்று பொங்கலுக்கே சொன்னீர்கள். உறைப்பைக் குறைங்க என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல் வாங்கி வந்த பொயிலையை உங்கள் கையில் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் டயகமவுக்கு வருகிறேன். பொயிலை வாங்கிவர மாட்டேன், டோர்ச் கொண்டுவருகிறேன். திட்டுவதென்றால் வாயை நன்றாகத் திறந்து திட்டுங்கள், அம்மா.

உங்கள் மூத்த மகள்