குமிழி நடுவில் நிற்கிறது

மாரியம்மன் துணை

மேல்கணக்கு, லுணுகலை
கார்த்திகை மாசம், வெள்ளிக்கிழமை

அன்பு மகள் துஷாந்தினிக்கு அம்மா எழுதுவது. மதுரையில் உனக்கு உடம்பு சுகமா, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதித்தான் பழக்கம், இந்தத் தடவை பாதிச் சுகம் என்று வைத்துக்கொள். மீதியைப் பிறகு எழுதுகிறேன், முதலில் நீ கேட்டது.

மட்டம் என்கிற சொல்லைத் தோட்டத்தில் எதற்கெல்லாம் சொல்கிறோம் என்று உன் ஆராய்ச்சிக்குக் கேட்டிருந்தாய், கையால் எழுதித்தான் தர வேண்டும் என்றும் சொன்னாய். இருபத்தெட்டு வருசம் தேயிலைக் கொழுந்து எடுத்தவளிடம் கேட்க வேண்டிய கேள்விதான். செடிக்கு மேல் குறுக்கே வைத்து, அதைத் தாண்டி நிற்கிற கொழுந்தைக் கிள்ளுவோமே, அது மட்டக்கம்பு. கவ்வாத்து வெட்டுகிற ஆம்பிளைகளுக்கு மட்டம் என்றால் செடியை எந்த உயரத்தில் வெட்டி நிறுத்துவது என்பது. உன் அப்பா மாதிரி மேசன் வேலைக்காரருக்கு ரசமட்டம், கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுவில் நின்றால் வரிசை நேர், ஓடினால் கோணல். நீ எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்குப் போட்ட மட்டம் வேறு, அதையும் எழுதிக்கொள், வெட்கப்படாதே. எங்கே பிறந்த சொல் என்றால் நான் என்னத்தைக் கண்டேன், நம் ஆட்கள் கப்பலேறி வந்தபோது மூட்டையோடு மூட்டையாகக் கொண்டு வந்திருப்பார்கள், அங்கே கொத்தனார் யாரையாவது கேட்டுப் பார். அப்பாவிடம் கேட்டதற்கு, அது எங்க பொறந்தா என்னடி, பொய் சொல்லத் தெரியாத சாமான் அது ஒண்ணுதான் என்றார். அந்தப் பேச்சை மனசில் வைத்துக்கொண்டு மேலே படி.

போன மாச மழையில் நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மலை வெடிப்பு விட்டிருக்கிறது. உனக்குப் பரீட்சை என்று மறைத்தோம், திட்டாதே. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு லயத்தில் ஒருத்தரும் இருக்கக் கூடாது என்று சொல்லிப் போனார்கள், எல்லாரும் பள்ளிக்கூடக் கட்டடத்தில்தான் படுக்கிறோம், உன் அப்பாவைத் தவிர. ஆளில்லாத காம்பராவைத் தோட்ட நிர்வாகம் வேறு யாருக்காவது கொடுத்துவிடும் என்ற பயம் நம் சனத்துக்கு வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. நம் பெயரில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது, அடுப்பு எரிகிற வரைக்கும்தான் அது நம் வீடு. அதனால் ஒற்றை ஆளாக அடுப்பு மூட்டிக்கொண்டு அங்கேயே கிடக்கிறார். பக்கத்துக் காம்பரா மாரியாயி அக்கா புருசனும் அப்படித்தான் கிடந்தார், அவள் போன கிழமை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். உன் அப்பாவை இழுத்தால் கை மட்டும்தான் வரும்.

தினமும் காலையில் நான் சோறு கொண்டு போனதும் வாசற்படியில் இருக்கிற ரசமட்டத்தைக் காட்டுவார். பாரு, குமிழி நடுவுல நிக்குது, வீடு அசையல என்பார். நானும் நம்பினேன். ஆனால் மலையிலிருந்து பீலியில் விழுகிற ஊற்றுத் தண்ணீர் மூன்று நாளாகச் செம்மண்ணாக வந்தது, இன்று காலை நின்றே போய்விட்டது, இத்தனைக்கும் மழை விடவே இல்லை. கதவு சாத்த முடியவில்லை. பின்சுவர் வெடிப்பில் என் மட்டக்கம்பைச் செருகிப் பார்த்தேன், போன கிழமை நுனிகூட நுழையவில்லை, இன்று முழங்கை அளவு உள்ளே போகிறது. அவர் விறகெடுக்கப் போன நேரம் ரசமட்டத்தைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு பக்கத்து அடியில் தீப்பெட்டி அட்டை சொருகியிருந்தது. ஒன்று இல்லை, மூன்று. அட்டைகளை எடுத்துவிட்டு வைத்தேன், குமிழி ஓடிப்போய் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு நூல் பிசகினாலும் இடித்துவிட்டுத் திரும்பக் கட்டுகிற மனிதர், நான் பயப்படக் கூடாது என்று நாளுக்கு ஓர் அட்டையாக வைத்திருக்கிறார். அவர் திரும்பி வருவதற்குள் அட்டைகளை இருந்த மாதிரியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இதைப் போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். நிஸாம் நானா கடையில் கொடுத்து இன்றைக்கே படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். நாளைக் காலை ஆறு மணிக்கு அப்பாவை வீடியோவில் கூப்பிடு. காம்பரா போனால் போகட்டும் என்று மட்டும் சொல்லாதே, அது அவர் காதில் ஏறாது. ஆராய்ச்சிக்கு ரசமட்டத்தைப் பார்க்கணும், தூக்கிக் காட்டிவிட்டுத் திரும்பப் படியில் வையுங்கப்பா என்று கேள். என் கண்ணுக்கு மறைத்து அட்டை வைக்கிறவர், நீ பார்த்துக்கொண்டிருக்கும்போது வைக்க மாட்டார். குமிழி ஓடுவதை நீ பார்த்துவிட்டால் அதற்குப் பிறகு அங்கே நிற்க மாட்டார், அவ்வளவு ரோசக்காரர்.

மாரியாத்தா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், நன்றாகப் படி, குளிர்ந்த தண்ணீரில் தலைக்கு ஊற்றாதே. ஆறு மணி, மறக்காதே. அப்போதும் வர மாட்டேன் என்றால், நாளையிலிருந்து அம்மாவும் அந்த அடுப்புப் பக்கத்திலேயே உட்காரப் போகிறாள் என்று அவரிடம் சொல். விளையாட்டுக்கு எழுதவில்லை, என் பாயைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

உன் அம்மா,
சி. விஜயலெட்சுமி