சாயம் ஏறாத வட்டம்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பிள்ளை இப்போதுதான் கண்ணயர்ந்தான். கையை இரண்டு முறை கழுவியும் விரல் நுனியில் நல்லெண்ணெய் வாசம் போகவில்லை. உன் மேசையைத் தேய்த்ததில் ஒட்டிக்கொண்ட வாசம்.

நான் கல்யாணமாகிப் புக்கிட் பெலிம்பிங் வந்த பிறகும் மேசை நாம் சேர்ந்து தங்கியிருந்த ரவாங் வாடகை வீட்டில் உன்னிடமே இருந்தது. டிங்கிக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பின், உன் அம்மா அதை லோரியில் ஏற்றி அனுப்பினார். "ரெண்டு பேரும் சேந்து செஞ்சது, நீயே வச்சுக்கம்மா" என்றார்.

செய்தோமே அதை! மேலே ரப்பர் மரப் பலகை, கால்கள் யாரோ வீசிய கட்டிலின் சிவப்பு மெராந்தி மரம், இழுக்கிற லாச்சிக்குப் பிளைவுட். சாயம் வாங்கச் சோம்பல்பட்டு, பாலில்லாமல் கெட்டியாகக் கோப்பி ஓ கலக்கி மூன்றுக்கும் ஒரே மாதிரி பூசினோம். பலகை திட்டுத் திட்டாகக் கறுத்தது. "எஸ்டேட்ல வளந்த மரம் லா, கோப்பியக் கண்டா விடுமா?" என்று நீ சிரித்தாய். கால்கள் இன்னும் சிவந்தபோது, "மெராந்திக்கு ஊத்தாதடி, அது ஏற்கனவே கோவமா இருக்கு" என்றாய்.

இங்கே புகுந்த வீட்டில் யாருக்கும் அது சிரிப்பாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை மகனுக்குக் காதுகுத்து. அத்தை சொல்லிவிட்டார்: "மேல ஒரு கலரு, கால் ஒரு கலரு, லாச்சி ஒரு கலரு. வர்றவங்க என்னான்னு கேப்பாங்க? அலமாரி கலரோட சேந்தாப்ல ஆக்கிட்டீனா சன்னலோரம் போட்டுக்க. இல்லாட்டி பழைய சாமான் லோரியில ஏத்திரலாம்."

கெட்டவர் இல்லை. கறி வைத்தால் முதல் துண்டு எனக்குத்தான். ஆனால் இந்த வீட்டில் மாமாவுக்கு டிவி முன்னால் நாற்காலி, அத்தைக்கு அடுப்படி. நான் கட்டிலில் மடிக்கணினியை வைத்து, மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் வேலைக்கு விண்ணப்பம் தட்டுகிறேன். அந்தச் சன்னலோரம் எனக்கு வேண்டும்.

பிள்ளைக்கு ஆகாது என்று பயந்து, வாசமில்லாத தண்ணீர்ச் சாயம் வாங்கினேன். அவன் தூங்கும்போதெல்லாம் பின்கட்டில் உட்கார்ந்து பழைய கோப்பியைத் தேய்த்து எடுத்தேன். நடுநடுவே ஓடிப்போய் அவன் மூச்சு விடுகிறானா என்று பார்த்தேன். இந்த முறை மூன்றுக்கும் ஒரே மாதிரி பூசவில்லை. ரப்பர் பலகை சாயத்தைத் தாறுமாறாகக் குடிக்காதிருக்க, முதலில் மெல்லிசாகச் சீலர் தடவிக் காயவிட்டேன். மெராந்திக்குச் சாயத்தை நீர்க்கவைத்து, பூசியதும் துடைத்தேன். பிளைவுட்டுக்கு இரண்டு பூச்சு. எல்லாவற்றையும் அடிப்பக்கத்தில் பூசிப் பார்த்த பிறகே மேலே வந்தேன்.

இன்று மாலை மூன்றும் ஒரே நிறத்துக்கு வந்தன. பலகையின் வலது மூலையைத் தவிர. அங்கே உள்ளங்கை அகல வட்டம் ஒன்று வெளுத்து நிற்கிறது. எத்தனை தடவினாலும் சாயம் விலகி ஓடுகிறது.

உன் வெள்ளிக்கிழமை விளக்கு நின்ற இடம். "தட்டு வச்சு ஏத்துடி" என்று கத்துவேன். "மேசைக்கும் சாமி கும்பிட ஆசை இருக்காதா?" என்பாய். வழிந்த எண்ணெயை விரலால் வழித்துத் தலையில் தடவிக்கொள்வாய்.

தின்னர் போட்டால் எண்ணெய் போகுமாம். அந்த நெடியைப் பிள்ளை இருக்கும் வீட்டில் திறக்க எனக்குத் தைரியமில்லை. துணி போட்டு மறைக்கலாம்; அத்தை தூக்கிப் பார்ப்பார். மறுபடி விளக்கையே வைக்கலாம். நடக்கத் தொடங்கியவன் எட்டி இழுப்பான். மிச்சமிருப்பது ஆழமாகத் தேய்ப்பதுதான். சற்றுமுன் சேண்ட்பேப்பரால் ஓரத்தில் லேசாகத் தேய்த்துப் பார்த்தேன். வாசம் குப்பென்று எழுந்தது. நீ குளித்துவிட்டு வந்து பக்கத்தில் நின்ற மாதிரி. கை நின்றுவிட்டது.

தேய்த்தால் சன்னலோரம் எனக்கு, வட்டம் போய்விடும். விட்டால் வட்டத்தோடு மேசையும் லோரி ஏறும். என் வீட்டுக்காரரிடம் கேட்டால், "ஒரு வட்டம்தானே லா, தேச்சிடு" என்பார்.

வட்டத்தை விரலால் வழித்தேன். எண்ணெய் ஒன்றும் வரவில்லை. இருந்தாலும் தலையில் தடவிக்கொண்டேன்.

விடிந்ததும் அத்தை வந்து பார்ப்பார். தேய்க்கட்டுமா, விடட்டுமா? சீக்கிரம் பதில் போடு.